அரைக் கிராப்பு

அக்கா பையன் முடி வெட்டிக்கொள்ள மாட்டான்.

இதில் என்ன அதிசயம், எந்தப் பையன் சந்தோஷமாக வெட்டிக்கொள்கிறான் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் காரியத்திலும் இறங்கினேன். ஆபீஸில் பத்துப் பேரை மேய்க்கிறவனுக்கு ஐந்து வயசுப் பையன் ஒருவனைச் சமாளிக்கத் தெரியாதா என்கிற திமிர்தான். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து சலூனுக்குக் கூட்டிப் போனேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு சலூன் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டி.வி. ஒரு பக்கம், எஃப்.எம். ஒரு பக்கம். நான்கு நாற்காலியிலும் மெஷின் உறுமல். பவுடர், லோஷன், ஈர டவல் எல்லாம் கலந்த ஒரு வாசனை. கைப்பிடிகளுக்குக் குறுக்கே பலகையைப் போட்டு அவனை ஏற்றினார்கள். கழுத்தில் துணியைச் சுற்றி, தலையில் புஸ் புஸ்ஸென்று தண்ணீர் அடித்தார்கள். பையன் ஆரம்பித்தான். தெருவே திரும்பிப் பார்த்தது.

"நான் தலையைப் புடிச்சுக்கறேன், நீங்க வெட்டுங்க" என்றேன். இரண்டு கையாலும் பிடித்தேன். "ஒரு நிமிஷம்டா கண்ணா, ஒரே ஒரு நிமிஷம்."

இருபது நிமிஷம் நடந்தது. கடைசி ஐந்து நிமிஷம் அவன் கத்தவில்லை. சட்டையெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு, கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். "பாத்தீங்களா, அடங்கிட்டான்" என்றேன் சலூன்காரரிடம். பெருமையாக.

அன்றிலிருந்து அவன் என் ஸ்கூட்டரில் ஏறுவதில்லை. அதற்கு முன்னால் சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவான். தெருக்கோடி வரை ஒரு ரவுண்டு போனால்தான் விடுவான். பிறகு அதே சத்தம் கேட்டால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் இடுக்கிக்கொண்டான். முடியை மட்டும் அக்கா ராத்திரி அவன் தூங்கினப்புறம் டார்ச் வைத்துக்கொண்டு கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். எலி கடித்த மாதிரி இருக்கும்.

ஒரு வருஷம் கழித்துத்தான் டாக்டர் ஆட்டிஸம் என்று பெயர் சொன்னார். ஆக்குபேஷனல் தெரபிக்குக் கூட்டிப் போங்கள் என்றும் எழுதிக் கொடுத்தார். ஆக்குபேஷன் என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் பாங்க் ஃபாரத்தில் நிரப்புகிற கட்டம்தானே? "ரெண்டாங்கிளாஸே தாண்டலை, அதுக்குள்ள என்னய்யா ஆக்குபேஷன்?" என்றார் அத்தான். அவருக்கு ஓசூரில் ஃபாக்டரி வேலை, ஞாயிறுக்கு ஞாயிறு வருகிறவர். அக்காவுக்கு சனிக்கிழமையும் வேலை. ஆகவே சனிக்கிழமை டூட்டி என் தலையில் விழுந்தது. ஸ்கூட்டரில் ஏற மாட்டான் என்பதால் போக வர ஆட்டோ. செலவு என்னுடையது. தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அந்த அறையைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். மெஷின் இல்லை, வெள்ளைக் கோட்டு இல்லை. கூரையிலிருந்து ஓர் ஊஞ்சல், உட்கார்ந்து குதிக்கிற மாதிரி பெரிய பந்து, அரிசி நிரப்பின பிளாஸ்டிக் டப், களிமண், துணி மாட்டுகிற கிளிப் ஒரு டப்பா. அரிசிக்குள் கோலிக்குண்டு ஒளித்து வைத்திருந்தார்கள். தெரபிஸ்ட் சின்னப் பெண், என் ஆபீஸில் போன மாசம் சேர்ந்த டிரெயினி மாதிரி இருந்தார். முக்கால் மணி நேரம் பையனை ஊஞ்சலில் குப்புறப் படுக்க வைத்து ஆட்டுவதும், கோலி தேட விடுவதுமாகவே போயிற்று. எங்கள் ஊர் வேப்ப மரத்தில் இதெல்லாம் இலவசம் என்று ஒரு ஜோக் அடித்தேன். அந்தப் பெண் மரியாதைக்குச் சிரித்தார். நிறையப் பேர் அடித்த ஜோக் போலிருக்கிறது.

பிறகு ஒரு பேப்பரை நீட்டினார். "ஒரு நாள்ல இவன் என்னென்ன செஞ்சாகணும், எழுதுங்க ஸார்."

எழுதினேன். எழுந்திருக்கணும், பல் தேய்க்கணும், குளிக்கணும், சட்டை பட்டன் போடணும், சாப்பிடணும், ஸ்கூல்ல உட்காரணும், விளையாடணும், தூங்கணும்.

"இதுதான் ஸார் இவனோட ஆக்குபேஷன். இதுல எது எது இவனுக்குக் கஷ்டமா இருக்கோ, அங்கதான் என் வேலை."

இந்த வைத்தியத்துக்கு வயசு நூறுக்கு மேல். 1917-ல் அமெரிக்காவில் க்ளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்கிற சிற்றூரில் சில பேர் கூடி இதற்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். கூட்டியவர் ஜார்ஜ் பார்ட்டன், டாக்டரே இல்லை, கட்டடம் வரைகிற ஆர்க்கிடெக்ட். படுக்கையில் விழுந்து, தோட்ட வேலையும் மர வேலையும் செய்தே எழுந்து வந்தவர். முதல் உலக யுத்தத்தில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களிடம் இது பரவியது. இந்தியாவில் 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்கான பள்ளியை ஆரம்பித்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, நம் நாட்டுக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்ட அம்மாள். தமிழில் செயல்முறை மருத்துவம் என்கிறார்கள். தொழில் மருத்துவம் என்று யாராவது மொழிபெயர்த்தால் அத்தான் மறுபடி கேள்வி கேட்பார்.

ஊஞ்சல் எதற்கு என்கிற கதை கலிஃபோர்னியாவில் ஆரம்பிக்கிறது. ஜீன் ஏர்ஸ் என்று ஓர் அம்மாள், இதே தொழில்காரர். 1972-ல் ஒரு புத்தகம் எழுதினார். நமக்கு ஐம்புலன் என்று ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தது பற்றாது, இன்னும் உண்டு என்பது அதில் முக்கியமான சங்கதி. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடுங்கள். தொட முடிகிறதா? கை எங்கே இருக்கிறது என்று தசையும் மூட்டும் மூளைக்குத் தந்தி அடித்துக்கொண்டே இருப்பதால்தான் முடிகிறது. கரண்ட் போன நேரத்தில் மாடிப்படி இறங்கும்போது, இன்னொரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்து ஒரு கணம் அடிவயிறு கலங்குமே, அது காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பும் உங்கள் மூளையும் போட்டுக்கொள்கிற சண்டை.

நமக்கு இந்தத் தந்திகள் எல்லாம் தானாக சார்ட்டிங் ஆகிவிடுகின்றன. சில குழந்தைகளுக்கு ஆவதில்லை. ரேடியோ வால்யூம் திருகு மாதிரி, ஒன்று முழுசாக அலறும், ஒன்று காதிலேயே விழாது. எங்கள் பையனுக்குச் சட்டைக் காலரில் தைத்திருக்கிற துணி லேபிள் ரம்பம் போல் அறுக்கும்; முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தால் கவனிக்கக்கூட மாட்டான். மிக்ஸி போட்டால் தெருவுக்கு ஓடுவான். தயிர் சாதத்தில் ஒரு கடுகு தட்டுப்பட்டால் தட்டு பறக்கும். இதை எல்லாம் நாங்கள் 'அடம்' என்கிற ஒரே ஃபைலில் போட்டு வைத்திருந்தோம்.

பீரோ இடுக்குக்கும் விடை கிடைத்தது. பூ மாதிரி தொட்டால் இவனுக்குக் கூச்சம், அழுத்திப் பிடித்தால் நிம்மதி. பல குழந்தைகள் அப்படியாம். டெம்பிள் கிராண்டின் என்று அமெரிக்காவில் ஒரு பெண், ஆட்டிஸம் உள்ளவர். அத்தையின் மாட்டுப் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாட்டை இரண்டு பக்கமும் பலகையால் நெருக்கிப் பிடிக்கிற கூண்டைப் பார்த்தார். நெருக்கியதும் மாடுகள் அமைதியாவதைக் கவனித்து, அதே மாதிரி தனக்கும் ஒரு பெட்டி செய்துகொண்டு உள்ளே படுத்தார். காலேஜில் பலர் பயந்து போனார்கள். பிறகு அவர் கால்நடை அறிவியல் புரொஃபஸர் ஆனார். அவரைப் பற்றி 2010-ல் ஒரு டி.வி. படமே வந்தது. எங்கள் பையன் சிக்கனமாகக் காத்ரேஜ் பீரோவிலேயே காரியத்தை முடித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படியெல்லாம் கேட்டதும் உடனே காலில் விழுந்துவிடாமல் கொஞ்சம் படித்தும் பார்த்தேன். ஊஞ்சல் வைத்தியத்துக்கு எல்லோரும் ஓட்டுப் போடவில்லை. அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம் 2012-ல், ஆதாரம் இன்னும் போதவில்லை, செய்தால் குறிக்கோளும் கெடுவும் வைத்துக்கொண்டு செய்யுங்கள் என்று அறிக்கை விட்டது. கனமான போர்வை போர்த்தினால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று ஒரு நம்பிக்கை. இங்கிலாந்தில் சோதித்து 2014-ல் ரிசல்ட் சொன்னார்கள்: தூக்கம் கூடவில்லை. ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோர்களுக்கும் போர்வை பிடித்துப் போய்விட்டது! நம்மூரில் இதையெல்லாம் படிக்காதவர்களும் 'தொண்ணூறே நாளில் ஆட்டிஸம் குணம்' என்று போர்டு மாட்டுகிறார்கள். ஆட்டிஸம் ஜுரம் இல்லை, இறங்குவதற்கு. அந்த மாதிரி போர்டைப் பார்த்தால் எதிர் பிளாட்பாரத்துக்குப் போய்விடுங்கள்.

இதைத் தெரபிஸ்ட்டிடமே கேட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், நோட்டைத் திருப்பிக் காட்டினார். 'பன்னிரண்டு வாரத்தில், சலூன் நாற்காலியில், பிடித்துக்கொள்ளாமல், பத்து நிமிஷம்' என்று எழுதி, தேதியும் போட்டிருந்தது.

"அந்தத் தேதிக்குள்ள நடக்கலைன்னா?"

"நான் செய்யற முறை தப்புன்னு அர்த்தம் ஸார். பையன் தப்புன்னு இல்லை. மாத்திப் பார்ப்போம்."

என் ஆபீஸில் டார்கெட் எட்டாதபோது இப்படி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை அத்தான் லீவு போட்டுவிட்டு வந்தார். பையன் சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் பறவை மாதிரி அடித்துக்கொள்வான். "மொதல்ல அதை நிறுத்துங்க மேடம்" என்றார் அத்தான்.

"அது யாருக்கு ஸார் தொந்தரவு?"

"பாக்கறவங்களுக்கு."

"அப்ப பாக்கறவங்களை அனுப்புங்க ஸார், அவங்களுக்கு வேணா தெரபி குடுக்கறேன்."

அத்தான் பதில் சொல்லவில்லை. அவருடைய வலது கால் மட்டும் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. எனக்கு மீட்டிங்கில் பேனாவை டிக் டிக்கென்று அழுத்தாவிட்டால் ஒரு வார்த்தை மண்டையில் ஏறாது. பக்கத்து ஸீட்காரர் ரப்பர் பாண்டைச் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார். எங்களை யாரும் நிறுத்தச் சொன்னதில்லை.

வெயிட்டிங் ரூமில் ஒரு பையனை அடிக்கடி பார்ப்பேன். பத்தொன்பது வயசு, காலேஜ் மாணவன். அவனுக்கு ஊஞ்சல் எல்லாம் கிடையாது. தாம்பரத்துக்கு எலெக்ட்ரிக் டிரெயினில் தனியாகப் போய் வருவதுதான் அவன் பாடம். காதில் சத்தம் குறைக்கிற ஹெட்ஃபோன், பெட்டியில் எந்த மூலையில் நின்றால் இடிபடாது, வண்டி ரத்தானால் யாருக்குப் போன், எல்லாம் சின்ன அட்டையில் எழுதி பர்ஸில் வைத்திருந்தான். முதல் தடவை தெரபிஸ்ட் கூடவே போனார். அடுத்த தடவை அடுத்த பெட்டியில். அப்புறம் ஸ்டேஷன் வாசலோடு சரி. நாளைக்கு அவன் உங்கள் ஆபீஸுக்கே வேலைக்கு வரலாம். தலைக்கு மேல் மினுக்குகிற டியூப் லைட்டை மாற்றித் தரச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள், அது அவன் வேலை செய்வதற்கான சாமான். 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிஸம் இல்லை. 2016-ல் வந்த சட்டத்தில் இருக்கிறது. விசாரிக்க வேண்டியவர்களுக்கு ஒரு வரி: சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில், 2005-ல் ஆரம்பித்த மத்திய அரசு நிறுவனம் ஒன்று பல வகை ஊனம் சேர்ந்து உள்ளவர்களுக்காக இருக்கிறது, ஆட்டிஸத்துக்கும் அங்கே போகலாம்.

இனி கிராப்புக்கு வருகிறேன்.

தெரபிஸ்ட் சலூனையே நேரில் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப் போனேன். முதலில் கண்ணில் பட்டது அந்தப் பலகை. "பலகை மேல உக்காந்தா கால் அந்தரத்துல தொங்குது ஸார். தலையையும் குனிய வைக்கிறாங்க. விழப் போறோம்னுதான் அவன் உடம்புக்குத் தோணும்." தரையில் பிடிப்பு இல்லாத குழந்தையின் தலையை நான் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தியிருக்கிறேன். அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நோட்டில் 'கால் வைக்க ஸ்டூல்' என்று எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

சலூன்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழமை வேணாம் ஸார். செவ்வாய்க்கெழமை கடை லீவு. டி.வி. இருக்காது, கூட்டம் இருக்காது. நான் வந்து தெறக்கறேன், கூட்டியாங்க" என்றார். இவர்தான் அன்றைக்கும் வெட்டியவர். மறக்கவில்லை போலிருக்கிறது.

வீட்டில் இன்னொரு சிக்கல். "செவ்வாய்க்கிழமையா? குடும்பத்துக்கு ஆகாதுடா!" என்றாள் அம்மா. இரண்டு நாள் பேச்சு வார்த்தை. கடைசியில், "எனக்குத் தெரியாம பண்ணிட்டு வாங்க" என்று ஒப்பந்தம் ஆயிற்று.

முதல் செவ்வாய் சலூனைத் தாண்டி நடந்தோம், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் உள்ளே போய் நாற்காலியை அவனே சுற்றிப் பார்த்தான். மூன்றாவது வாரம் நான் உட்கார்ந்து வெட்டிக்கொண்டேன், அவன் வாசலில் நின்று பார்த்தான். (போன வாரம்தான் வெட்டியிருந்தேன். ஆபீஸில் யாராவது போய்விட்டார்களா என்று துக்கம் விசாரித்தார்கள்.) வீட்டில் மெஷினை அடுத்த அறையில் ஓட விட்டு, தினம் கொஞ்சம் பக்கத்தில் கொண்டு வந்தோம். சலூன் துணிக்குப் பதில் அவனுடைய பழைய டவல். ஸ்பிரே கிடையாது, மெஷின் கிடையாது, கத்தரிக்கோல் மட்டும். கிளம்புவதற்கு முன்னால் சுவரைத் தள்ளுவது, அரிசிப் பையைத் தூக்கிக் கொண்டு போய் வைப்பது, தலையை உள்ளங்கையால் நன்றாக அழுத்தி விடுவது. பத்து எண்ணுவதற்குள் நான்கு தடவை 'சரக்', பிறகு ஓய்வு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி போட்டார் அந்தப் பெண்: பையன் "போதும்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே கத்தரியைக் கீழே வைத்துவிட வேண்டும். பேரம் கிடையாது.

"அப்புறம் எப்ப முடியும் மேடம்?"

"சொன்னா நிறுத்துவாங்கன்னு தெரிஞ்சாத்தான் ஸார் மறுபடி உக்காருவான்."

பதினோராவது வாரம், போன செவ்வாய், உட்கார்ந்தான். ஸ்டூலில் இரண்டு காலும் அழுத்தமாக. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சரக், சரக். டவலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், உதடு நடுங்கியது. ஆனால் உட்கார்ந்திருந்தான். இடது பக்கம் முழுசாக முடிந்தது. பின்னால் பாதி முடிந்தது. சலூன்காரர் வலது பக்கம் வந்து கத்தரியைத் தூக்கினார்.

"போதும்."

கத்தவில்லை. சாப்பாட்டில் இன்னொரு கரண்டி வேண்டாம் என்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான். என் வாய் தானாகத் திறந்தது. 'ஒரு நிமிஷம்டா கண்ணா' நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஒரு பக்கம் கிராப்பு, ஒரு பக்கம் காடு, இப்படியா தெருவில் கூட்டிப் போவது? கண்ணாடியில் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே கண்ணாடி.

சலூன்காரரும் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டவலை உதறினார். காசு வாங்கவில்லை. "அரை வேலைக்கு எப்படி ஸார் வாங்கறது" என்றார்.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். எதிர் வீட்டு மாமி என்ன ஸ்டைல் இது என்று கேட்டாள், சினிமாவில் வந்திருக்கிறது என்றேன். தனக்கு எதுவும் தெரியாது என்று ஒப்பந்தம் போட்டிருந்த அம்மா, பேரனைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு பூஜை ரூமுக்குப் போனாள். மறுநாள் அப்படியேதான் ஸ்கூலுக்குப் போனான். தொப்பி போடலாமா என்று யோசித்து, தொப்பி வைக்க விட மாட்டான் என்பதால் விட்டுவிட்டோம். அவனுக்கு அதில் ஒரு கவலையும் இருப்பதாகத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் நான் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தினபோது பீரோ பக்கம் போகாமல் வெளியே வந்தான். பக்கத்தில் நின்று ஹாரனை ஒரு தடவை அழுத்தினான். நான் சீட்டைத் தட்டிக் காட்டினேன். தலையை ஆட்டி, "போதும்" என்றான்.

சரி என்று உள்ளே போய்விட்டேன். வலது பக்கம், வருகிற செவ்வாய்.